வைக்கிங் சந்தையில் ஒரு சீலைக் கூடாரம்

கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கையில் எமது மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, நாங்களும் ஒரு கூடாரம் வாங்குவமோ? நைலோன் இல்லை, சீலைக் கூடாரம்." அவனோடு படிக்கும் ஒரு பிள்ளையின் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் வைக்கிங் சந்தைக்குப் போய், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதரைப் போல உடுத்து, மூன்று நான்கு நாட்கள் சீலைக் கூடாரத்தில் தங்கி வருகிறது. எம்மையும் கூட வரும்படி கேட்டிருந்தார்கள்.

நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவர், 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நடந்து, தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் தறப்பாள் கட்டி இருந்த குடும்பத்தின் பிள்ளை. மற்றவர் 2009இல் வவுனியாவில், முட்கம்பிக்குள், வெள்ளைக் கூடாரத்தில் மாதக்கணக்கில் கிடந்தவர். "காசு குடுத்துக் கூடாரத்தில படுக்கிறதோ? காசு தந்தாலும் நான் படுக்கமாட்டன்" என்று அந்த மற்றவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று கதை அதோடு முடிந்தது.

அதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நோர்வேயில் பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்குக் கூடாரம் என்ற சொல் எப்படியும் ஒருநாள் வந்தே தீரும். பாலர் பள்ளியிலேயே, "நாளை லவ்வூவில் சமையல், கம்பளிக் காலுறை கொடுத்துவிடவும்" என்று துண்டு வரும். லவ்வூ என்பது வடக்கே வாழும் சாமி மக்களின் கூம்புக் கூடாரம். வந்த புதிதில் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையை ஏன் கூடாரத்தில் வைக்கிறார்கள் என்று பதைபதைத்துப் பள்ளிக்கு ஓடிய ஒரு தாயை எமக்குத் தெரியும். அவர் எங்களில் ஒருவர்தான்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு, நாம் நான்கு கோடைகளில் பட்டு அறிந்ததைச் சொல்லி வைக்கிறோம்.

முதலில் காசை எடுக்காதீர்கள். ஒரு நாள் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். கார்மோய் தீவில் அவால்ட்ஸ்னெஸ், பியோர்ட் கரையில் கூட்வாங்கன், வடக்கே லோபோத்தனில் போர்க் ஆகிய இடங்களில் வைக்கிங் காலத்து வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் சந்தையும் விழாவும் நடக்கும். போர்க்கில் உள்ள தலைவன் வீடு 83 மீற்றர் நீளமானது. மண்ணுக்குள் கண்ட அடையாளங்களைக் கொண்டு கட்டி 1995இல் திறந்தார்கள். நாங்கள் வீட்டை விட்டு ஓடிய அதே ஆண்டில் இங்கே ஆயிரம் வருடத்து வீடு ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள் என்று அங்கே நின்று கணக்குப் பார்த்தோம்.

சந்தையில் தங்குவோருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சனம் உலாவும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் எதுவும் இன்றையதாக இருக்கக்கூடாது. பிளாஸ்ரிக் வாளி, நைலோன் கூடாரம், சோடாப் போத்தல் எல்லாம் மறைக்கப்பட வேண்டும். கூடாரத்தோடு வருவோர் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பல இடங்களில் கூடாரத்தின் படத்தையும் கேட்பார்கள். இவ்விடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். அழகான கூடாரம் ஒன்றை வாங்கிவிட்டுப் பிறகு சந்தையைத் தேடினால், "இது உங்கள் காலத்தது இல்லை" என்று பதில் வரும்.

எது எந்தக் காலத்தது என்பதற்கு ஆதாரம் இந்நாட்டின் மண்ணிலேயே கிடைத்தது. 1880இல் சாந்தெபியூர் நகருக்கு அருகே கொக்ஸ்ராட் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது முழுக் கப்பல் ஒன்று வந்தது. 1904இல் தொன்ஸ்பெர்க் பக்கம் ஊசபெர்க் என்ற இடத்தில் இன்னொன்று. இரண்டு பெண்களை அதற்குள் அடக்கம் செய்திருந்தார்கள். அடக்கம் நடந்தது 834ஆம் ஆண்டு என்று மரத்தின் வளையங்களை வைத்துக் கண்டறிந்திருக்கிறார்கள். இரண்டு கப்பல்களிலும் கூடாரத்தின் மரச்சட்டங்கள் இருந்தன. பலகைகளின் மேல்நுனிகள் மிருகத் தலைகளாகச் செதுக்கப்பட்டிருந்தன. இன்று சந்தைகளில் காணும் "வைக்கிங் கூடாரம்" இவற்றைப் பார்த்துச் செய்ததுதான்.

துணி அப்படி முழுதாகத் தப்பவில்லை. ஆடுகள் நிறைந்த நாட்டில் கம்பளியாக இருந்திருக்கலாம், லினனாகவும் இருந்திருக்கலாம். பருத்தி மட்டும் அந்நாளில் இங்கே இல்லை. ஆனாலும் இன்று சந்தைக்கு வரும் கூடாரங்களில் மிகப் பெரும்பாலானவை பருத்திக் கன்வஸ்தான். விலையும் எடையும் காரணம். கன்வஸ் என்ற சொல்லே கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதன் நாரில்தான் ஐரோப்பாவில் பாயும் கயிறும் செய்தார்கள். இதை நாம் வீட்டில் சொல்லப்போய் மகன் வகுப்பில் சொல்லிவிட்டான். ஆசிரியை சிரித்தபடி எமக்குத் தொலைபேசி எடுத்தார்.

எந்த வடிவம்?

வைக்கிங் கூடாரம் எமது ஊர்த் தோட்டக் காவற்கொட்டில் மாதிரி. இரண்டு பக்கமும் குறுக்காகக் கட்டிய பலகைச் சோடிகள், அவற்றுக்கூடாகப் போகும் ஒரு முகட்டு வளை, நிலத்தோடு இரண்டு வளைகள். மொத்தம் ஏழு மரம். துணியைப் போட்டுக் கீழ் வளையோடு இழுத்துக் கட்டினால் துணியே கால்களை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். முளை அடிக்காமலே தன்பாட்டில் நிற்கும் என்பது இதன் பெரிய சிறப்பு. கீழே பாறை இருந்தாலும் நிற்கும். மேற்குக் கரையில் வாழ்வோருக்கு இதன் அருமை தெரியும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல்தான். ஆனால் காற்றடிக்கும் என்றால் இதையும் கயிறு போட்டு முளையோடு கட்டத்தான் வேண்டும். நிற்பது வேறு, பறக்காமல் இருப்பது வேறு.

குறை என்னவென்றால் மரம். எமது கூடாரம் நான்கு மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம், முகடு இரண்டு மீற்றர். துணி பத்துக் கிலோ, மரங்கள் முப்பதுக்கு மேல். நான்கு மீற்றர் வளையைக் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு சுரங்கப் பாதைகளுக்குள்ளால் போக வேண்டும். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது காரோடு வரும் புத்தகத்தில் இருக்கும். வாங்க முதல் அதைப் பாருங்கள். கார் இல்லாதவர்கள் இவ்வடிவத்தை மறந்துவிடுவது நல்லது.

அவர்களுக்கு ஏற்றது இரண்டு கப்பும் ஒரு முகட்டு வளையும் மட்டும் கொண்ட கூடாரம். மற்றதெல்லாம் கயிறும் முளையும். "கெற்றெல்ட்" என்று பழைய ஆங்கிலச் சொல்லால் அழைப்பார்கள். மரம் குறைவு, ஆனால் மண் வேண்டும், சுற்றிவரக் கயிற்றுக்கு இடமும் வேண்டும். பிள்ளைகள் இரவில் அந்தக் கயிற்றில் தடக்கி விழுவது நிச்சயம். வெள்ளைத் துணிக் கீலம் கட்டி வைத்தால் கொஞ்சம் தெரியும்.

நடுவில் ஒரேயொரு கப்பு வைத்த மணிக் கூடாரத்தைப் பலருக்குப் பிடிக்கும். தனியாள் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடலாம், உள்ளே நல்ல இடமும் உண்டு. ஆனால் இன்று கடைகளில் விற்கும் வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைகளின் கூடாரத்தை ஒட்டியது. சிப்லி என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி 1856இல் இவ்வகைக் கூம்புக் கூடாரம் ஒன்றுக்கு உரிமம் பெற்றார். செவ்விந்தியரின் தோற் கூடாரங்களைப் பார்த்து எடுத்த யோசனை அது. கண்டிப்பான வைக்கிங் சந்தைகளில் இதனை விடமாட்டார்கள். சந்தைக்குப் போகும் எண்ணமில்லை, குடும்பமாகக் காட்டோரம் தங்கத்தான் என்றால் எம்மைக் கேட்டால் இதையே வாங்கச் சொல்வோம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் "ஆறு பேர்" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். எமது கூடாரத்தில் ஓரத்திலிருந்து அரை மீற்றர் உள்ளே வந்தாலும் துணியின் உயரம் எண்பது சென்ரிமீற்றர்தான். குறுக்காகப் படுத்தால் தலை ஒரு பக்கத் துணியிலும் கால் மறுபக்கத் துணியிலும் முட்டும். நீளவாக்கில் படுத்தால் நான்கு பேர் வசதியாகப் படுக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் பெட்டிகளோடு படுக்க வேண்டும்.

துணியைத் தொட்டுப் பார்த்தல்

ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று கன்வஸின் தடிப்பைச் சொல்வார்கள். முந்நூறுக்குச் சற்று மேல் என்றால் எமது காலநிலைக்குப் போதும். நானூறு கிராம் பலமானது, ஆனால் நனைந்தால் தூக்க முடியாது. பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த துணி பாரம் குறைவு, கெதியாகக் காயும், பூஞ்சணமும் குறைவாகப் பிடிக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. புதிய குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது என்பது எமது எண்ணம். தூய பருத்தியில்தான் பிடிவாதமாக நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் காய வைக்கப் பெரிய கராஜ் இருக்கும்.

நாம் முதலில் வாங்கியது பழைய கூடாரம். விளம்பரத்தில் பார்த்து, இரண்டு மணித்தியாலம் ஓடிப்போய், ஆயிரத்து ஐந்நூறு குரோனர் கொடுத்து வாங்கினோம். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "ஒரு பிழையும் இல்லை" என்று மடித்தபடியே காரில் ஏற்றிவிட்டார். வீட்டில் விரித்தபோது மணந்தது. மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள். பெருவிரலால் அழுத்த, துணி அப்பளம் மாதிரிப் பிரிந்தது.

அப்போதுதான் அடுப்படியில் நின்றவர் வெளியே வந்தார். கூடாரக் கதை தொடங்கிய நாளிலிருந்து அதன் பக்கமே வராதவர், குந்தியிருந்து துணியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். கயிறு போடும் கண்களைச் சுற்றி விரலால் தடவினார். தையலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "உங்களுக்கு இது பார்க்கத் தெரியாது. தறப்பாள் எண்டாலும் கண்ணடியிலதான் முதல் கிழியும். அதைப் பார்க்காமல் ஆராவது வாங்குவினமோ?" என்றார். முகாமில் தறப்பாள் பங்கிடும்போது, தாயார் வரிசையில் நிற்க, எது நல்லது என்று தடவிப் பார்த்துச் சொல்வது பதினைந்து வயதில் அவருடைய வேலையாக இருந்திருக்கிறது. எங்களுக்குக் கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்கு மேல். அதுவரை அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

அடுத்த கூடாரத்தை அவரே போய்ப் பார்த்து வாங்கினார். ஆகவே அவர் சொல்லும் முறையை எழுதுகிறோம். மடித்ததை வாங்க வேண்டாம். முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். மணந்து பாருங்கள், மண்ணறை மணம் இருந்தால் விட்டுவிடுங்கள். முகட்டு வளை படும் இடத்தையும் கயிற்றுக் கண்களையும் மூலைகளையும் பாருங்கள். அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். வெயில்பட்ட பக்கத்தை இரண்டு கையாலும் இழுங்கள். பல கோடை வெயில் பருத்தியை உக்க வைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நெருப்புக்கு எதிரான மருந்து ஊட்டியதா என்று கேளுங்கள். விற்பவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

வீட்டில் ஒத்திகை

புதுக் கன்வஸ் முதல் மழைக்கு ஒழுகும். பலர் இதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். பருத்தி நூல் நனைந்தால் ஊதும், ஊதினால் இழைகளுக்கு இடையில் உள்ள துவாரம் அடைபடும். தையலில் ஊசி போட்ட துவாரங்களும் அப்படித்தான் அடைபட வேண்டும். ஆகவே வாங்கியதும் கட்டி நிறுத்தி, குழாய்த் தண்ணீரால் நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, திரும்பவும் நனையுங்கள். இரண்டு மூன்று முறை போதும். சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். துணிக்கு ஊட்டிய நீர்காப்பு மருந்து அதோடு போய்விடும்.

மாடிவீட்டில் இருப்பவர்கள் எங்கே கட்டிப் பார்ப்பது என்று கேட்கலாம். இந்நாட்டில் 1957இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. பயிர்செய்யாத வெளிநிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்தோ கோடைக் குடிலிலிருந்தோ 150 மீற்றர் தள்ளி, யார் காணியானாலும் கூடாரம் அடிக்கலாம். இரண்டு நாளைக்கு மேல் என்றால்தான் காணிக்காரரிடம் கேட்க வேண்டும். இதை முதலில் நாம் நம்பவில்லை. யாரோ வந்து எழுப்பிக் கேட்பார்கள் என்று அடையாள அட்டைகளைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுத்தோம். காலையில் ஒருவர் நாயோடு வந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்திகையில் முக்கியமாகப் பழக வேண்டியது ஒழுங்கு. முதலில் மரங்களை இடத்தில் கிடத்துங்கள். ஒரு பக்கப் பலகைச் சோடியை நிமிர்த்தி ஒருவர் பிடிக்க, முகட்டு வளையைத் துவாரத்தில் செருகி, மறுபக்கச் சோடியை நிமிர்த்திச் செருகுங்கள். பிறகு கீழ் வளைகள், பிறகு ஆப்புகள். ஆப்பை அடிக்கக் கொட்டாப்புளி வேண்டும்; இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரம் பிளக்கும். துணியை முகட்டில் சரிபாதியாகப் போட்டு இரு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாகக் கட்டிவிட்டு மற்றப் பக்கம் போனால் முகடு கோணும். நாலு பேர் இருந்தால் நல்லது. இரண்டு பேர் என்றால் சண்டை வரும், அனுபவத்தில் சொல்கிறோம்.

முளையைக் கூடாரத்துக்கு வெளிப்புறமாகத் தலை சாய்ந்திருக்க அடிக்க வேண்டும். இளகின மண்ணுக்கு ஒரு முழ நீள மரமுளை, இறுகிய தரைக்கு இரும்பு.

மழை வந்த இரவு

முதற் சந்தைக்குப் போன அன்று பின்னேரம் நல்ல வெயில். எமக்குக் காட்டிய இடத்தில் கடற்கரையோரம் பசும்புல்லாக ஒரு பள்ளம் இருந்தது. காற்றுக்கு மறைவு, அழகான இடம். நாம் மரங்களை இறக்கத் தொடங்க, எங்களில் ஒருவர் மட்டும் இறக்காமல் அங்குமிங்கும் நடந்தார். "இதில வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டோம். "இந்தப் புல்லைப் பாருங்கோ, மற்றப் புல்லைவிடப் பச்சை. தண்ணி இஞ்சதான் வந்து நிக்கும்." வானத்தில் முகில் ஒன்றும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் பசி. ஆனாலும் அவர் காட்டிய மேட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். ஓரமுகப்பு காற்றுக்கு எதிராக இல்லாமல், காலைச் சூரியன் வாசலில் படும்படி திருப்பினார். தனிமரத்தின் கீழும் விடவில்லை.

சுற்றிவர வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று மண்வெட்டி தேடினார். அதற்கு மட்டும் பக்கத்துக் கூடாரத்துப் பெண் வந்து தடுத்தார். புல்தரையை வெட்ட இங்கே அனுமதி இல்லை. மேட்டில் கட்டினால் போதும் என்றார். மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறோம்.

ஏனென்றால் நடுச்சாமத்தில் மழை வந்தது. கூடார மழையின் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். நைலோனில் அது பொரிகிற சத்தம். தறப்பாளில் அடிக்கிற சத்தம். கனத்த பருத்தியில் சத்தம் தாழ்ந்து வரும். பிள்ளைகள் நித்திரை. நாம் இருவரும் விழித்திருந்தோம். "துணியைத் தொடாதேங்கோ" என்றார் அவர். நனைந்த துணியை உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடத்தால் தண்ணீர் கசிந்து வரும். பெட்டியோ போர்வையோ முட்டினாலும் அப்படியே. பிறகு எழும்பி, கம்பளிச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொரு கயிறாகத் தளர்த்தினார். சணல் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கும். இறுக்கிக் கட்டியபடி விட்டால் முளையைப் பிடுங்கும் அல்லது கண்ணைக் கிழிக்கும். மழைக்கு முன்பே தளர்த்த வேண்டும், காய்ந்தபின் இறுக்க வேண்டும். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அவர் திரும்பி வர நேரமாகியது. போய்ப் பார்த்தோம். கீழே அந்தப் பள்ளத்தில், எமக்குப் பிறகு வந்து கூடாரம் அடித்திருந்த இளம் சோடி ஒன்று தண்ணீருக்குள் நின்றது. கைக்குழந்தை வேறு. அவர் குழந்தையை வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, அவர்களுடைய கம்பளிகளை மேட்டுக்குத் தூக்குவித்துக்கொண்டிருந்தார். அவருடைய நோர்வேஜிய மொழி அப்போது அவ்வளவு சரியில்லை. அது யாருக்கும் தடையாக இருக்கவில்லை. விடியும்வரை எமது கூடாரத்தில் ஏழு பேர் இருந்தோம். நாலு பேர் படுக்கும் கணக்கு அன்றோடு போயிற்று.

விடிந்தபின் அவர் வாசலில் இருந்து தேநீர் குடித்தபடி சொன்னார்: "அங்க மழை பெய்தால் விடியக்காலமை போறதுக்கு ஒரு இடம் இருக்கேல்லை." வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

படுக்கை, நெருப்பு, சாப்பாடு

ஆனி, ஆடியிலும் இங்கே இரவு குளிரும். குளிர் மேலே இருந்து வருவதைவிடக் கீழே இருந்துதான் கூட வரும். நிலத்தில் ஒரு மெல்லிய தறப்பாள், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் ஆட்டுத்தோல், பிறகு கம்பளி. தறப்பாளின் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே ஒரு விரலளவும் நீட்டக் கூடாது. நீட்டினால் கூரைத் தண்ணீரை உள்ளே அழைத்து வரும். சந்தைக்காரர் கண்ணிலும் படும். ஊரில் எங்கள் தலைக்கு மேலே கிடந்த தறப்பாள் இப்போது முதுகுக்குக் கீழே கிடக்கிறது என்று எங்களில் ஒருவர் பகிடி விட, மற்றவர் முதற்தடவையாக அதற்குச் சிரித்தார்.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு, கரிச்சட்டி, அணைந்துபோன கிறில் எதையும் குளிருக்கென்று கொண்டுபோகாதீர்கள். தணல் விடும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கன்வஸ் மூச்சுவிடும் துணிதானே என்று நினைக்கக் கூடாது. நனைந்த கன்வஸ் மூச்சு விடாது. சித்திரை 2ஆம் திகதி அளவில், அதாவது ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, காட்டிலும் காட்டை அண்டியும் நெருப்பு மூட்டுவதற்குப் பொதுத்தடை இருக்கிறது. சந்தையில் அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு.

சாப்பாட்டில் எமக்குப் பெரும் சோதனை. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் மிளகாய் இந்தப் பக்கம் வந்தது. ஆகவே வைக்கிங் அடுப்பில் மிளகாய்த்தூள் குற்றம். தக்காளியும் குற்றம். ஆனால் உருளைக்கிழங்கும் அப்படித்தான். நோர்வேக்கு அது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தது என்று சொல்லி, கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒருவரை எமது மகன் வெட்கப்பட வைத்தான். பார்லிக் கஞ்சி, மீன், வெங்காயம், பட்டாணி. இரவில் சனம் போனபின் துணிப் பொட்டலத்தில் இருந்து ஏதோ சிவப்பாக மீனில் விழுந்ததை நாம் பார்க்கவில்லை.

ஆடைக்குப் பெரிய செலவு வேண்டாம். பழைய லினன் யன்னல் சீலையில் மூன்று சட்டை தைக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கூடுதலாகச் செய்யப்படும் பிழை. நாமும் செய்தோம். ஞாயிறு பின்னேரம் சந்தை முடிய, திங்கள் வேலை, ஈரத்தோடு மடித்துக் காரில் போட்டு, கராஜில் வைத்து, வியாழன் திறந்தோம். தரைப்பட்ட விளிம்பு முழுக்கச் சாம்பல் புள்ளி. காய வைத்துத் தூரிகையால் தட்ட, பூஞ்சணம் போனது, கறை இன்றும் இருக்கிறது. ஈரமாக மடிக்க வேண்டி வந்தால் அன்றிரவே, பிந்தினால் அடுத்த நாளே, விரித்துவிட வேண்டும். மாடிவீட்டுக்காரர்கள் கதவுகளின் மேலால் போடலாம், வரவேற்பறையே கூடாரமாகும். தையல் மடிப்பும் கயிறும் காய்ந்ததென்று கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மடியுங்கள். கையைவிடக் கன்னத்துக்கு ஈரம் தெரியும்.

எமது கூடாரம் இந்தக் கோடையில் ஆடி கடைசி இரு வாரமும் சும்மா இருக்கும். புதிதாக வந்த குடும்பங்கள் யாரும் ஒருமுறை கட்டிப் பார்க்க விரும்பினால் இதழ் மூலம் சொல்லுங்கள், தருகிறோம். கார்க் கூரைக் கம்பியும் தருவோம். வாங்குபவர்கள் மரத்தைப் பற்றி எங்களில் ஒருவரோடும், துணியைப் பற்றி மற்றவரோடும் கதைக்க வேண்டும். அந்த மற்றவர், திருப்பி வரும்போது ஒவ்வொரு கண்ணையும் எண்ணிப் பார்ப்பார், கன்னத்திலும் வைத்துப் பார்ப்பார்.